இல்லாதார்க்கோர் இல்லம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் காட்டும் அருள்நெறி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அருள் என்பது கடலனைய பொருள். அதனை முழுவதும் பேசப் புகுந்தால், கேட்போர்க்கு ஒன்றும் நில்லாது போகும். ஆகவே அருள் கண்கூடாகச் செயற்படும் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளையும், பேணுவாரற்ற குழந்தைகளையும் வைத்துக் காக்கும் இல்லங்களே அவ்விடம். அத்தகைய இல்லத்தை நடத்துவது எவ்வாறு, அதன் தகுதியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

இவ்வினாவை வேடசந்தூரில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர் எவரும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கம். 'இல்' என்னும் சொல் நம் மொழியில் வீட்டைக் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். இல்லம், இல்லாள் என்பன முதற்பொருளில் வருவன. இல்லாமை, இல்லார் என்பன இரண்டாம் பொருளில் வருவன. இவ்விரு பொருளும் வந்து கூடுமிடம் ஒன்று உண்டென்றால், அது இல்லாத பிள்ளைகளுக்கென அமைந்த இல்லமே.

மற்றொரு சொல்லையும் பார்ப்போம். 'அநாதை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாதன் இல்லாதவர் என்பது அதன் பொருள். தலைவன் ஒருவனுக்கு உடைமையாக இருந்தால்தான் மதிப்பு என்னும் எண்ணம் அச்சொல்லின் அடியில் கிடக்கிறது. குழந்தை எவர்க்கும் உடைமையன்று. அதற்கு வேண்டுவது உறவு. உடைமைக்கும் உறவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் நடத்தும் இல்லம் ஒரு வகையாகவும், உணராதோர் நடத்தும் இல்லம் வேறு வகையாகவும் அமைந்துவிடுகின்றன.

ஆபுத்திரன் கற்பிக்கும் பாடம்

கைவிடப்பட்ட குழந்தையின் வாழ்வை நம் இலக்கியத்தில் மிக விரிவாகப் பேசும் நூல் மணிமேகலை. வாரணாசியைச் சேர்ந்த சாலி என்பவள் குமரி நோக்கிச் செல்லும் வழியில் ஒரு மகவை ஈன்று, இரவில் ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். பசு ஒன்று வந்து, ஏழு நாள் பால் சுரந்து அக்குழந்தையைக் காக்கிறது. அவ்வழியே வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அழுகுரல் கேட்டுக் குழந்தையை எடுக்கிறான். இவன் ஆவின் மகன் அல்லன், தன் மகனே என்று மகிழ்ந்து, இல்லம் கொண்டு சென்று, மறை ஓதுவித்து வளர்க்கிறான்.

பலரும் இவ்விடத்தில் கதையை நிறுத்திக்கொண்டு, கருணை வென்றது என்று கூறிவிடுவர். சாத்தனார் நிறுத்தவில்லை. சிறுவன் வளர்ந்து, வேள்விச்சாலையில் கட்டப்பட்டிருந்த பசுவைக் காப்பதற்காக இரவில் மீட்டுச் செல்கிறான். அகப்பட்டபோது ஊரார் அவனை அடித்துத் துன்புறுத்துகின்றனர். அப்பொழுது வாய்கள் அனைத்தும் ஒரே குரலில் அவன் பிறப்பை இழிக்கின்றன. அதுவரை எவரும் எடுத்துரையாத பழைய செய்தி, அவன் ஊரோடு மாறுபட்ட அன்றே வெளிவருகிறது. எடுத்து வளர்த்த பூதியும் அவனை மனையினின்றும் நீக்கிவிடுகிறான். அவன் பிச்சை ஏந்திய ஓட்டில் கல்லை இடுகிறார்கள்.

மாணவர்க்கு இப்பகுதியைப் பாடம் சொல்லும் போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று. குழந்தையை எடுப்பது ஒருநாட் செயல். எடுத்த கையை விடாதிருப்பது வாழ்நாட் செயல். நல்ல பிள்ளையாக, நன்றியுள்ள பிள்ளையாக, அடங்கிய பிள்ளையாக இருக்கும்வரை 'என் மகன்' என்று சொல்லிவிட்டு, மாறுபட்ட நாளில் 'எங்கிருந்தோ வந்தவன்' என்று சொல்லுவது இளம்பூதியோடு முடிந்துபோன வழக்கம் அன்று. இன்றும் பள்ளியில் ஒரு பொருள் காணாமற் போனால், முதலில் சோதிக்கப்படுவது இல்லத்துப் பிள்ளையின் பையாகவே இருக்கிறது.

அவ்வாறு விரட்டப்பட்ட ஆபுத்திரன் தென்மதுரை வந்து, இரந்து பெற்றதைக் கண் காணாதவர்க்கும், காது கேளாதவர்க்கும், கால் முடவர்க்கும், பேணுநர் இல்லாதவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். அமுதசுரபி முதன்முதலில் வந்து சேர்ந்தது அவன் கையில்தான். உணவூட்டும் பெருங்கொடையைக் கைவிடப்பட்ட பிள்ளை ஒருவனிடமிருந்து தொடங்கிவைத்த காப்பியப் புலவரின் உள்ளம் எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

மூன்று பெண்மணிகள்

காப்பியத்தினின்றும் நம் காலத்திற்கு வருவோம். தமிழகத்தில் இத்தகைய இல்லங்களுக்கு வழிகாட்டியவர்களில் மூன்று பெண்மணிகளைச் சிறப்பாகக் கூறுதல் வேண்டும்.

முதலாமவர், அயர்லாந்திலிருந்து வந்து 1901-ஆம் ஆண்டு முதல் நெல்லைச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளைப் பேணிய ஏமி கார்மைக்கேல் அம்மையார். கோயிற் பணிக்கென ஒப்படைக்கப்படவிருந்த சிறுமியரும், வேறு வகையில் இடருற்ற குழந்தைகளும் அவரிடம் வந்து சேர்ந்தனர். பெரிய கூடம் ஒன்றில் பாய் விரித்து எல்லாரையும் ஒன்றாகப் படுக்கவைக்கும் முறையை அவர் கொள்ளவில்லை. சிறுசிறு வீடுகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் குழந்தைகளோடு பெரியவர்களை வாழச் செய்தார். பணிபுரிந்தோரைப் பிள்ளைகள் 'அக்காள்' என்றும் 'அண்ணாச்சி' என்றும் நம் முறைப்பெயர் சொல்லியே அழைத்தனர். பல குழந்தைகளுக்குப் பிறந்தநாள் தெரியாது. ஆகவே, அவர்கள் இல்லத்திற்கு வந்த நாளையே ஆண்டுதோறும் கொண்டாடினர். தெரியாததைப் பற்றி வருந்துவதை விடுத்து, தெரிந்த நாளை விழாவாக்கிய அந்நுட்பம் வியப்புக்குரியது. 1951-இல் அவர் மறைந்தபோது கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

இரண்டாமவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, மருத்துவம் பயின்று, 1927-இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராகித் துணைத்தலைவராகவும் விளங்கியவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் குரல் எழுப்பிய காலத்தில், அம்முறையினின்றும் தப்பி வந்த இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை ஏற்கும் விடுதி நகரில் இல்லை. சட்டம் வருமட்டும் காத்திருக்குமாறு அவர்களிடம் கூற இயலுமா? தம் வீட்டிலேயே இடம் தந்தார். 1930-களின் தொடக்கத்தில் அவ்வாறு தோன்றியதே அடையாற்றின் ஔவை இல்லம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேறியதோ 1947-இல். சட்டத்திற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே ஒரு கதவு திறந்துவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் நம்மவர். டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையார் 1904-இல் செல்வச் சிறப்புமிக்க குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்து, பின் தில்லி சென்று மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். காந்தியடிகளின் வழியில் ஈடுபட்டு, 1940-இல் ஜி. இராமச்சந்திரன் அவர்களை மணந்தார். இருவருமாக 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். மருத்துவமனை, பள்ளி, கைத்தொழில், பெண்கள் பயிற்சி என விரிந்த அப்பணியின் ஒரு கிளையே கைவிடப்பட்ட, ஆதரவற்ற குழந்தைகளுக்கான சௌபாக்யா இல்லம். அதே அம்மையார்தாம் 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்று, மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். இவ்வினாவை வேடசந்தூரில் எழுப்பக் காரணம் உண்டு என்று முன்னர்க் கூறியது இதனைக் கருதியே. இம்மண்ணுக்கு இப்பொருளில் ஒரு மரபுரிமை இருக்கிறது.

மூவருள் இருவர் மருத்துவர் என்பது தற்செயல் அன்று. கைவிடப்பட்ட சிசுவின் முதல் தேவை உணவோ உடையோ அன்று, உயிர்தான். எடை குறைந்து, உடல் குளிர்ந்து, தொப்புட்கொடி சரிவரக் கட்டப்படாத நிலையில் வரும் சிசுவைக் காப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. அறிந்த கை வேண்டும். மருத்துவமனையும் பள்ளியும் இல்லமும் ஒன்றை ஒன்று அணைத்து நின்ற காந்திகிராம அமைப்பின் சிறப்பு இதனால் விளங்கும்.

இம்மாவட்டத்தின் மற்றொரு செய்தியையும் மறைக்கலாகாது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக்கொலை 1986-இல் ஏடுகளின் வாயிலாக நாடறிந்த செய்தியாயிற்று. தமிழக அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது மதுரை, தேனி, தருமபுரி மாவட்டங்களோடு திண்டுக்கல்லுக்கும் விரிந்தது. கொல்லுவதற்குப் பதில் தொட்டிலில் இடுங்கள் என்று ஓர் அரசு மக்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. தொட்டில் காத்த உயிர்கள் பல. எனினும், தொட்டில் வைப்பது கைவிடுதலை எளிதாக்கிவிடாதா என்று கேட்டோரும் உண்டு. இருதரப்பும் கூறுவதில் உண்மை இருக்கிறது. தொட்டில் உயிரைக் காக்கும். உயிரைக் காத்தபின் வாழ்வைத் தருவது யார் என்பதே அடுத்த வினா. அங்கேதான் இல்லத்தின் வேலை தொடங்குகிறது.

அவ்வேலையை மூன்று சொற்களில் அடக்கிக் கூற விரும்புகிறேன்: பெயர், மடி, வழி.

பெயர்

கண்டெடுக்கப்பட்ட குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி. ஐவர் கொண்ட அக்குழுவில் ஒரு பெண்ணேனும் இருத்தல் வேண்டும். எந்த இல்லமும் பதிவின்றி இயங்குதல் கூடாது. தாய் தானே வந்து ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெறுவதற்கு அவளுக்கு அறுபது நாள் தவணை உண்டு. கைவிடப்பட்ட குழந்தையாயின், உரிய தேடலுக்குப்பின், இரண்டு வயதிற்குட்பட்டிருந்தால் இரண்டு திங்களுக்குள்ளும், மேற்பட்டிருந்தால் நான்கு திங்களுக்குள்ளும் தத்தளிப்பிற்குத் தகுதியுடையதென அறிவிக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டால் அன்புள்ளம் கொண்ட சிலர் சலித்துக்கொள்வர். குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது காகிதம் எதற்கு என்பர். அவர்களுக்கு நான் தரும் விடை இது: மற்றப் பிள்ளைகளுக்கு நினைவு, வீட்டார் நாவில் இருக்கிறது. நீ பிறந்தபோது மழை பெய்தது, உனக்கு முதலில் பேச வந்த சொல் இது என்று சொல்லப் பாட்டி இருக்கிறாள். இல்லத்துப் பிள்ளைக்கு அதன் கோப்பே பாட்டி. எந்த ஊரில், எந்த நாளில், எந்தத் துணியில் சுற்றப்பட்டிருந்தது, யார் தூக்கி வந்தார், முதல் நாள் எடை என்ன என்பனவெல்லாம் எழுதப்படாவிட்டால், இருபது ஆண்டு கழித்து அப்பிள்ளை 'நான் யார்' என்று கேட்கும்போது விடை சொல்ல எவரும் இரார்.

பதிவில்லாத இல்லத்தின் தீமை நாம் அறியாததன்று. மாமல்லபுரம் பகுதி இல்லம் ஒன்றைப் பற்றிய செய்திக் கட்டுரையை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எழுந்தது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல் என்பதே அவ்வழக்கின் பெயர். 2017 மே 5-ஆம் நாள் வந்த தீர்ப்பு, எல்லா இல்லங்களையும் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வகுக்கவும், இல்லங்களைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தவும் ஆணையிட்டது. இந்திய மண்ணின் குழந்தைகள் அனைவர்க்கும் நலம் பயக்கும் தீர்ப்புக்கு நம் மாநிலத்தின் பெயர் இவ்வாறு முகவரியாக அமைந்தது நமக்குப் பெருமையன்று.

பெயர் என்பதில் இன்னொன்றும் அடங்கும். பிள்ளைக்கெனத் தனியாக ஒரு தட்டு, ஒரு பெட்டி, தன் பெயர் தைத்த ஓர் உடுப்பு இருத்தல் வேண்டும். துவைத்து வந்த துணிக்குவியலில் கைக்குக் கிடைத்ததை அணிந்து வளரும் பிள்ளைக்கு 'என்னுடையது' என்னும் சொல் பழகாது. தனக்கென ஒன்று இருந்து அறியாதவன், பிறர் பொருளுக்கும் தன் பொருளுக்கும் எல்லையை எங்ஙனம் அறிவான்?

மடி

ஒரு குழந்தைக்குப் பலர் சோறூட்டலாம். ஆனால் அது அழும்போது தேடும் முகம் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அம்முகம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ருமேனிய நாடு உலகிற்குக் காட்டியது. அங்கே 1989-இல் கொடுங்கோலாட்சி வீழ்ந்தபின், பெரும் பெரும் காப்பகங்களில் குழந்தைகள் வரிசை வரிசையாகத் தொட்டில்களில் கிடந்த காட்சி வெளிப்பட்டது. பின்னர்ப் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை ஆய்வாளர் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். குடும்பங்களில் வளரச் சென்ற குழந்தைகள், காப்பகத்தில் தங்கியவர்களைக் காட்டிலும் அறிவு வளர்ச்சியிலும் உறவுப் பிணைப்பிலும் முன்னேறினர். இரண்டு வயதிற்குள் சென்றவர்களுக்கு அந்நன்மை மிகுதியாயிற்று. உணவும் கூரையும் இருந்தும் மடி இல்லாமையால் குழந்தையின் மூளையே குன்றும் என்பது அதனால் நிறுவப்பட்டது.

இப்பொழுது நம் ஊர்களின் இல்லங்களை நினைத்துப் பாருங்கள். அரிசி மூட்டை தருவோர் இருக்கின்றனர். மின்விசிறி வாங்கித் தந்து அதன் இறக்கை மூன்றிலும் தம் பெயரை எழுதுவோர் இருக்கின்றனர். கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டுவோர் இருக்கின்றனர். ஆனால் இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுத்து, படுக்கையை நனைத்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் துணி மாற்றி, காய்ச்சற் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் ஆயாவின் ஊதியத்திற்கு நன்கொடை தருவோர் எத்தனை பேர்? அவ்வூதியம் குறைவாக இருப்பதால் அவர் சில திங்களில் நூற்பாலை வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்து ஒருவர் வருகிறார், அவரும் போகிறார். ஒவ்வொரு முறையும் அக்குழந்தை மீண்டும் ஒருமுறை கைவிடப்படுகிறது. பெரியவர்கள் இதனைப் பணியாளர் மாற்றம் என்பர். குழந்தைக்கு அது தாயை இழத்தல்.

ஆகவே, ஓர் இல்லத்திற்குச் செல்லும்போது நான் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. இங்கே ஐந்தாண்டுக்கு மேற்பட்டுப் பணிபுரியும் இல்லத்தாய்மார் எத்தனை பேர் என்று கேட்பேன். ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பேன். அவ்விரண்டு விடைகளில் அவ்வில்லத்தின் தரம் பெரிதும் அடங்கிவிடும்.

பிறந்தநாள் விருந்தைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் பலர் தம் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளில் இல்லத்துக் குழந்தைகளுக்கு உணவளிக்கின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும், வரிசையில் நின்று வாழ்த்துப் பாடி, கைகூப்பி, புகைப்படத்திற்கு முகம் காட்டிய பிறகே இலை போடப்படுமானால், அச்சோற்றில் ஆபுத்திரன் ஓட்டில் விழுந்த கல்லும் கலந்திருக்கிறது. தன் பிறந்தநாள் தெரியாத பிள்ளை, வாரந்தோறும் பிறர் பிறந்தநாளுக்குக் கைதட்ட வேண்டியிருக்கும் துன்பத்தை எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுதல் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

வழி

இல்லம் என்பது வழியேயன்றி முடிவு அன்று. நிறுவனப் பராமரிப்பு கடைசிப் புகலாகவே இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. குழந்தையைப் பெற்ற குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம். அது இயலாதாயின் தத்தளிப்பு அல்லது வளர்ப்புக் குடும்பம். அதுவும் இயலாதபோதே இல்லம்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்தை உற்று நோக்குதல் வேண்டும். இல்லங்களில் உள்ள பிள்ளைகள் அனைவரும் தாய்தந்தை இருவரையும் இழந்தவர் என்று எண்ணுகிறோம். அவ்வாறன்று. தாயோ தந்தையோ உயிரோடிருக்கும் பிள்ளைகள் பலர். வேடசந்தூர்ச் சுற்றுவட்டாரம் மழையை நம்பிய மேட்டுநிலம். குடகனாற்றில் நீர் வராத ஆண்டுகளில் குடும்பங்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் செல்கின்றன. கணவனை இழந்த பெண் நூற்பாலையில் இரவு முறை வேலைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் பெண்குழந்தையைத் தனியே விட அஞ்சுகிறாள். ஆகவே இல்லத்தில் சேர்க்கிறாள். அவளைக் கைவிட்ட தாய் என்று கூற எனக்கு நாக்கு எழாது. அவள் கைவிடப்பட்ட தாய்.

அத்தகைய தாய்க்குச் சிறிது பொருளுதவி கிடைத்தால் பிள்ளை அவள் மடியிலேயே வளரும். மத்திய அரசின் வாத்சல்ய திட்டத்தில் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி தகுதியுள்ள குழந்தைக்குத் திங்கள்தோறும் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வகுக்கப்பட்டது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்னும் பெயரில் திங்கள்தோறும் 2,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவை வேண்டுவோரின் வாசலை எட்டுவதற்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. எழுத்தறிந்தோர் கூடியிருக்கும் இவ்வவையில் இதனைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

வழியின் மறுமுனை பதினெட்டாம் அகவை. அதன்பின் இல்லத்தில் இடமில்லை. இருபத்தொரு வயது வரை பின்காப்பு உதவி அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் அது எல்லார்க்கும் எட்டுவதில்லை. கல்லூரி ஆசிரியை என்ற முறையில் நான் அப்பிள்ளைகளைச் சந்திக்கும் இடம் அதுவே. இல்லத்தில் வளர்ந்து கல்லூரிக்கு வந்த மாணவியர் சிலரை நான் அறிவேன். சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர் என்னும் இடத்தில் பேனா நின்றுவிடும். வங்கிக் கணக்கிற்கும் சாதிச் சான்றிற்கும் பெற்றோர் ஆவணம் கேட்பர். இவை கூடச் சரிசெய்யத்தக்கவை. பொங்கல் விடுமுறைக்கு விடுதி பூட்டப்படும் நாள்தான் கொடிது. எல்லாப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்திற்கு ஓடுவர். ஒருத்தி மட்டும், "எந்த ஊரும்மா உனக்கு?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று நூலகத்தில் போய் அமர்ந்திருப்பாள்.

அவளிடம் ஒருமுறை, இல்லத்தில் உனக்குக் குறையாக இருந்தது என்ன என்று கேட்டேன். உணவைச் சொல்லவில்லை, உடையைச் சொல்லவில்லை. "என்னைத் திட்டினவங்க இருந்தாங்க அம்மா, எனக்காக யார்கிட்டயும் போய்ச் சண்டை போட யாரும் இல்லை" என்றாள். தாய்மை என்பதற்கு நான் படித்த உரைகள் பல. இத்துணைத் தெளிவான உரையை எந்த நூலிலும் கண்டதில்லை.

நாம் செய்யத்தக்கவை

இலக்கிய வட்டம் இல்லம் நடத்த இயலுமா என்று கேட்பீர்கள். நடத்த வேண்டுவதில்லை. நல்லெண்ணம் ஒன்றையே முதலாகக் கொண்டு புதிதாக ஓர் இல்லம் திறப்பதைக் காட்டிலும், இருக்கும் இல்லத்தை நல்லதாக்குவதும், ஒரு பிள்ளையேனும் அங்கே வரத் தேவையில்லாமற் செய்வதும் மேலான அறம். அதற்குச் சில வழிகளைக் கூறி அமைகிறேன்.

ஒன்று: உணவுக்குத் தரும் நன்கொடையில் ஒரு பங்கை இல்லத்தாய்மாரின் ஊதியத்திற்கென்று பெயர் குறித்துத் தாருங்கள். கல்வெட்டில் உங்கள் பெயர் வாராது. ஒரு குழந்தையின் மனத்தில் ஒரு முகம் நிலைக்கும்.

இரண்டு: கதை சொல்ல வல்லோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். உரிய அனுமதி பெற்று, இல்லத்தார் முன்னிலையில், வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரே பிள்ளைகளிடம் சென்று கதை சொல்லுங்கள். ஒருநாள் ஆரவாரமாகச் சென்று மறுபடி போகாதிருப்பதினும் போகாதிருத்தலே நன்று. வருவேன் என்று சொன்னவர் வருவார் என்பதைக் கற்பதே அப்பிள்ளைகளுக்கு முதற்பாடம்.

மூன்று: பதினெட்டு வயது நிறைந்து வெளிவரும் பிள்ளைகளுக்கு விடுமுறைக்கு வந்து தங்கும் வீடாக, வேலைக்குப் பரிந்துரைக்கும் பெரியவராக, திருமணத்தில் முன்நிற்கும் உறவாக ஒவ்வொரு குடும்பமும் ஒருவரை ஏற்கலாம். தத்தெடுக்க இயலாதவர்க்கும் இது இயலும்.

நான்கு: எங்கேனும் குழந்தை இடருற்றிருக்கக் கண்டால் தாமே எடுத்துச் சென்று வளர்ப்பதோ, தெரிந்தவர்க்குக் கொடுத்துவிடுவதோ கூடாது, அன்பினால் செய்தாலும் அது குற்றமாகும். 1098 என்னும் எண்ணிற்குச் சொல்லுங்கள்.

ஐந்து: நம் எழுத்திலும் பேச்சிலும் 'அநாதை' என்னும் சொல்லை விட்டொழிப்போம். சொல்லைத் திருத்துவது நம் தொழில். அதையேனும் நாம் செய்யலாம்.

அன்பர்களே, இவ்வட்டம் தோன்றிய ஆண்டில் பிறந்த ஒரு குழந்தைக்கு இப்பொழுது பத்து வயது. உங்கள் பத்தாண்டுக் கூட்டங்களின் பதிவேடு செயலாளரிடம் பழுதின்றி இருக்கிறது. எந்த நாளில் யார் பேசினார் என்பதைத் தேடி எடுத்துவிடலாம். அத்தகைய பதிவேடு ஒன்றும், அதைப் புரட்டிக் கதை சொல்லும் ஒருவரும், இம்மாவட்டத்தின் இல்லங்களில் வளரும் பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொருவர்க்கும் வாய்த்தல் வேண்டும். அதற்கு உங்கள் வட்டம் துணைநிற்குமாயின், அடுத்த பத்தாண்டு விழாவிற்கு அழைப்பின்றியே வந்து கேட்போர் வரிசையில் அமர்வேன்.